இரண்டு கைகளாலும்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

என் சிநேகிதி வாயாடியின் இடது கை விரல்களைக் கம்பெனிதான் எடுத்தது. அவளுடைய கவனக்குறைவு இல்லை, தலைவிதி இல்லை. கம்பெனி. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடியும் என்று தோன்றியது. நீ, அண்ணி, குழந்தை எல்லோரும் சுகமா? அம்மாவின் இழுப்பு இந்த வாரம் பரவாயில்லை.

இதே கம்பெனியின் உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் எப்படியோ, இங்கே நடப்பது இதுதான். ஒவ்வொரு பிரஸ் மெஷினிலும் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் மேல்டை என்கிற இரும்பு அச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். இறங்கும்போது கைகள் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் எல்லா மெஷினிலும் இடது பட்டனில் மர ஆப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். அது அமுங்கினபடியே நிற்கும். வலது கை பட்டனில், இடது கை டைக்குள். தகடு வை, அடி, எடு. கதவுக் கீல்கள் மளமளவென்று விழும். செவ்வாய்க்கிழமை வாயாடியின் கை உள்ளே இருக்கும்போது டை இறங்கியது.

நான் அடுத்த மெஷினில் இருந்தேன். அவள் அலறியதும் சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவர் குனிந்தது அவள் பக்கம் இல்லை, பட்டன் பக்கம். ஆப்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "ஐயையோ, யாராவது வண்டி கூப்பிடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு மானேஜர் வந்து, "கவனக்குறைவுன்னு ஒத்துக்கோம்மா, வேற வேலை பார்த்துத் தரேன்" என்றார். வாயாடி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி என்னிடம் சொன்னாள்: "இனிமே நகம் வெட்டுற வேலை பாதிதான்டி எனக்கு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ டை மாட்டுகிற செட்டர், மெஷினை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவன். ஆப்பு இல்லாமல்தான் ஓட்டுவோம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா இல்லையா? உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

—

பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சௌக்கியம். குழந்தைக்குக் காதுவலி இருந்தது, இப்போது இல்லை. அம்மாவை மருந்தை நிறுத்த விடாதே.

உன் கடிதம் படித்தேன். அந்தப் பெண்ணுக்கு நடந்தது பெரிய கஷ்டம்தான். ஆப்பு எல்லா இடத்திலும் உண்டு, இங்கேயும் உண்டு. பழகினவர்கள் பார்த்து ஓட்டுகிறார்கள். உரிமை, அது இது என்று பேசிக்கொண்டிருக்காதே. உனக்கு அந்த வேலை கிடைத்தது என் வாய்ச்சொல்லால். நாளைக்கு ஏதாவது என்றால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். உன் மெஷின் உண்டு, நீ உண்டு என்று இரு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்

ஒல்லி எழுதுவது: அக்காவுக்கு அண்ணியின் தம்பியுடைய கும்பிடு. நானும் இப்போ பிரஸ்ல சேர்ந்துட்டேன். மாமா டிரெய்னிங்னு சொல்லி எண்ணெய் துடைக்க விட்டிருக்கார். உங்களைக் கிண்டல் பண்ண எனக்கு முறை இருக்கு, ஆனா நீங்க கை நீட்டுவீங்கன்னு மாமா சொன்னதால இத்தோட நிறுத்திக்கிறேன்.

—

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மா மருந்து சாப்பிடுகிறாள், திட்டிக்கொண்டே. ஒல்லியிடம் சொல், கை நீட்டுவேன்தான்.

நீ சொன்னபடி என் மெஷின் உண்டு, நான் உண்டு என்று இருந்து பார்த்தேன். முடியவில்லை. வாயாடி கட்டு பிரித்து வந்ததும் அவளை ஹால் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். ஒரு கையால் துடைப்பம் பிடித்துக் கூட்டுகிறாள். அவளுடைய மெஷினில் புதிதாக ஒருத்தி. அதே இடது பட்டனில் புது ஆப்பு.

தண்ணீர்க் குழாயடியில்தான் சங்கம் ஆரம்பித்தது. வேறு எங்கும் நாலு பேர் சேர்ந்து நிற்கவிட மாட்டார்கள். கை கழுவப் போனால் ஒருத்தி, குடம் நிரப்பப் போனால் ஒருத்தி என்று பேச்சு சேர்ந்தது. எங்கள் செட்டரும் சேர்ந்துகொண்டார். ஆனால் ஒவ்வொருத்தியின் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது, அண்ணா. "ஊர்ல இருக்கிறவன் பொண்டாட்டிங்க எல்லாம் கொடி பிடிக்கட்டும், நீ பிடிக்க வேணாம்" என்று ஒருத்தியின் புருஷன் கேட்டுக்கே வந்து இழுத்துப் போனான். பேக்கிங் பகுதி ஆண்கள், "பொம்பளைங்க சங்கமா? கோலாட்டக் குழுவா?" என்றார்கள். அடுத்த வாரமே அவர்களை வைத்து மானேஜர் 'நலக் கமிட்டி' என்று ஒன்று ஆரம்பித்து ஆளுக்கொரு பேட்ஜும் குத்திவிட்டார். எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கொண்டுபோனால், அந்த ஆபீஸில் ஒவ்வொரு முறையும் ஒரு கையெழுத்து சரியில்லை.

மானேஜர் எங்களைக் கூட்டிவைத்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள சங்கம் எதுக்கு?" என்று கேட்டார். பின்னாலிருந்து வாயாடி, "அப்போ உங்க பொண்ணையும் ஒரு ஷிப்ட் அனுப்புங்க சார், பழகிக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு கக்கூஸ் கழுவுகிற வேலை.

நான் செயலாளர். இதை உனக்கு மறைக்க விரும்பவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

—

ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் அம்மா சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

பெரிய ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. "அங்க செயலாளரா இருக்கிறது உங்க கூடப்பிறந்ததாமே? நல்லாப் பேசுமாமே?" என்று கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. டீ கொடுத்தார்கள்.

உன் பெயரை எடுத்துவிடு. உறுப்பினராக இருந்துகொள், முன்னால் நிற்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துக்கொள். கம்பெனிக் குவார்ட்டர்ஸுக்கு மாறிவிட்டோம். ஜன்னல்கள் பெரிது, குழந்தைக்கு நல்ல காற்று வருகிறது. அண்ணிக்கு ரொம்பச் சந்தோஷம்.

அண்ணன்

—

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வீட்டில் எல்லோரும் நன்றாக இருங்கள். குவார்ட்டர்ஸ் ஃபோர்மேன்களுக்குத்தான் என்று எங்கள் செட்டர் சொல்கிறார். உனக்குப் பதவி உயர்வா? ஏன் எழுதவில்லை? அம்மாவிடம் சொன்னேன், நாள் முழுக்கச் சிரித்தபடி இருந்தாள்.

இப்போது எங்கள் செய்தி. நாங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வேலை செய்தோம். 'இரண்டு கைகளாலும் இயக்கவும்' என்று ஹால் சுவரில் கம்பெனியே பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறது. திங்கட்கிழமை மணி அடித்ததும் ஆளாளுக்கு ஆப்பைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தோம். முதல் ஆப்பைப் பிடுங்கியது வாயாடி, தன் பழைய மெஷினில். பிறகு தகட்டை வைத்தோம், கையை வெளியே எடுத்தோம், இரண்டு கையாலும் அமுக்கினோம். ஹாலின் சத்தமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஓடுகிற சத்தம், இப்போது நடக்கிற சத்தம்.

சூப்பர்வைசர் வந்து, "என்ன, எல்லாருக்கும் கை மரத்துப் போச்சா?" என்றார்.

"போர்டைப் படிங்க சார்" என்றோம்.

"அது கவர்ன்மென்ட்காரன் வந்தா பார்க்கிறதுக்கு!"

"எங்களுக்கும் கண்ணு இருக்கு சார்."

பாதி கீல்தான் விழுந்தது. எங்களை எந்தக் குற்றத்தில் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் போனால் சுவரில் எழுத்து இல்லை. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஈரம்கூடக் காயவில்லை. மதியம் என்னையும் வாயாடியையும் செட்டரையும் வெளியே அனுப்பினார்கள். மற்றவர்கள் தாமாகவே எங்கள் பின்னால் வந்தார்கள். உடனே கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்கிறார். யாரோ வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளலாம். பயமாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதே இல்லை.

எல்லோர் சுகத்துக்கும் எழுது.

உன் தங்கை

—

மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கேட் பூட்டியிருப்பது கவலையாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், தொழில் விஷயமாக. உங்கள் பெரிய பிரஸ், தகட்டை முதலில் வெட்டிக் கொடுப்பது, அது பழைய மாடல்தானே? அதை உங்கள் செட்டரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அப்படி என்ன கோளாறு அதில்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அண்ணன்

—

மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் இந்தத் தடவை சீக்கிரம் வந்தது. அதுவும் பெயரை எடு, வாயை மூடு என்று ஒரு வரி இல்லாமல். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நீ எங்கள் பக்கம் யோசிக்கிறாய் என்று வாயாடியிடமும் சொன்னேன். "உங்க அண்ணனுக்கு லேட்டா விடியுது, ஆனா விடியுது" என்றாள்.

நாங்கள் கேட்டுக்கு எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் பலமே அந்தப் பெரிய பிரஸ்தான். அது தகடு வெட்டாவிட்டால் மற்ற மெஷின்களுக்கு வேலை இல்லை. கோளாறு பிரேக்கில். சூடேறினால் வழுக்கும். மேல்டை மேலே போய் நிற்காமல் தானாக இன்னொரு முறை இறங்கிவிடும். எங்கள் செட்டர் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, பிரேக் நட்டைக் கால் திருப்பு இறுக்கி, மறுபடி ஓட்டுவார். ஆறவிடாமல் ஓட்டினால் யமன்தான். நானே அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். செட்டர் வேலைக்கு நான் லாயக்கா இல்லையா, நீயே சொல்!

வீடு காலி செய்து, வாயாடி வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். புகை அதிகம், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு தடவை வந்து போ.

உன் தங்கை

—

ஜூன் 3

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பஸ் வந்தது. ஜன்னலெல்லாம் தார்ப்பாய் கட்டியிருந்தது. முன்னும் பின்னும் போலீஸ். நாங்கள் கேட் முன்னால் படுத்தோம். போலீஸ் எங்களைத் தூக்கி எறிந்தது, பஸ்கள் எங்களுக்குப் பதிலான ஆட்களோடு உள்ளே போயின. வாயாடிக்குத் தோளில் அடி. மதியம் மெஷின் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எனக்குத் தெரியும். ஓடுகிற சத்தம். ஆப்பு அடித்து ஓட்டுகிற சத்தம்.

பெரிய பிரஸ்ஸும் ஓடியது. கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது. பிறகு ஓடியது, நின்றது. எங்கள் செட்டர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "யாரோ அதுக்கு வைத்தியம் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நானும் வாயாடியும் பின்பக்கம் போனபோது சுவர்மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒல்லி!

"அக்கா! நீங்க இங்கயா இருக்கீங்க?"

"நீ எங்கடா இங்க?"

"புது மெஷின் மாட்டணும்னு கூட்டிட்டு வந்தாங்கக்கா. வந்து பார்த்தா எல்லாம் பழசு. வெளிய விட மாட்டேங்கிறாங்க. ஹால்லயே படுக்கை."

வாயாடி கேட்டாள்: "தம்பி, உனக்குக் கை எத்தனை?"

அவன் சிரித்துக்கொண்டே இரண்டையும் தூக்கிக் காட்டினான். சுவரிலிருந்து விழப் பார்த்தான்.

"அப்படியே வெச்சிக்கோ. எண்ணிப் பார்த்துட்டுத் தூங்கு" என்றாள்.

ஃபோர்மேன் யார் என்று நான் அவனைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். அண்ணா, நீ எங்கே இருக்கிறாய்?

—

ஜூன் 19

தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு உடம்பு எப்படி? இந்தக் கவரில் மருந்து வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததை நான் மறுபடி எழுதத் தேவையில்லை. நான் வராவிட்டால் இன்னொருவன் வந்திருப்பான். அவனுக்கு மெஷினும் தெரியாது, நீங்களும் யாரோ. நான் இருப்பதால் ஆறவிட்டுத்தான் ஓட்டுகிறோம். மேலே அவசரப்படுத்துகிறார்கள், சமாளிக்கிறேன். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் உன்னை மட்டும் சேர்த்துக்கொள்ள மானேஜரிடம் பேசியிருக்கிறேன். உன்னை மட்டும்தான் முடியும்.

ஜன்னல் வழியாகச் சாக்கில் நீ உட்கார்ந்திருப்பது தெரிகிறது. வெயில் நேரத்தில் மரத்தடிக்குப் போ. நான் இங்கே இருப்பதை அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்

—

ஜூலை 4

அண்ணனுக்கு,

மருந்தை அம்மாவுக்குக் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று கேட்டாள். கடையில் வாங்கினேன் என்றேன்.

மன்னிப்புக் கடிதம் கிடையாது. எழுதி வைத்திருந்த நீளமான பதிலைக் கிழித்துவிட்டேன். இப்போது அதற்கு நேரமில்லை.

திங்கட்கிழமை பெரிய பிரஸ் நிற்காமல் ஓடியது. காலையிலிருந்து. ஆறவிடவே இல்லை. எங்கள் செட்டர் எழுந்து நின்று, "நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா" என்று கேட்டைத் தட்டினார். காவலாளி கம்பால் அவர் கையில் அடித்தான். பிறகு அதுவாகவே நின்றது. எல்லா மெஷினும் நின்றது. ஆம்புலன்ஸ் வரும்போது நாங்களே கேட்டை விட்டு விலகி வழிவிட்டோம். உள்ளே படுத்திருந்தவன் காலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், அவ்வளவு ஒல்லியான கால்.

ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம்தான் என்னை விட்டார்கள். இடது கை மணிக்கட்டோடு இல்லை. மயக்கத்திலும், "அக்கா, அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். வாயாடியைச் சொல்கிறான்.

மறுநாள் போலீஸ் வந்தது. வெளியே போகும்போது பிரேக் நட்டைத் தளர்த்திவிட்டுப் போனது சங்கம் என்று கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது. செட்டரைப் பிடித்துப் போய்விட்டார்கள். என் மேலும் வழக்கு. பயந்துபோய் முக்கால்வாசிப் பேர் நலக் கமிட்டியில் சேர்ந்துவிட்டார்கள். சாக்கில் இப்போது நானும் வாயாடியும் இன்னும் சிலரும்தான்.

தளர்த்தியதாகச் சொல்கிற நட்டை வந்த அன்றே இறுக்கியவன் நீ. விசாரணைக்கு உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். என்ன சொல்லப் போகிறாய்?

—

ஜூலை 20

அன்பான நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

அத்தை உடம்பு தேவலையா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் வந்துவிட்டார். ஒல்லியும் வந்துவிட்டான். இன்னும் இடது கையால்தான் டம்ளரை எடுக்கப் போகிறான். அப்புறம் ஞாபகம் வந்து சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் கடிதத்தை அவர் நாலு தடவை படித்தார். பதில் எழுத உட்கார்ந்தார், எழுந்துவிட்டார். ராத்திரி சாப்பாடு இல்லை. ஒல்லிக்கு வைத்தியம் கம்பெனி பார்க்கிறது. வாட்ச்மேன் வேலையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வாயைத் திறந்தால் வேலையும் போகும், வைத்தியமும் போகும், இந்த வீடும் போகும். கண்ணு, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ தைரியசாலி. எங்களுக்கு அது இல்லை. எங்களை விட்டுவிடம்மா.

அத்தையை நன்றாகப் பார்த்துக்கொள்.

அண்ணி

—

ஆகஸ்ட் 2

அண்ணனுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் ஒல்லிக்கும் குழந்தைக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். உண்மையாகத்தான் சொல்கிறேன். அம்மா போன வாரம் முழுக்கப் படுக்கையில். நீ வந்துபோனது அவளுக்குத் தெரியாது, இனியும் தெரியாது. இது நான் எழுதுகிற இரண்டாவது கடிதம், உன் பதில் வராமல்.

அண்ணியின் கடிதம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. வீடு போகும், வேலை போகும். எனக்குப் போனபோதும் அப்படித்தான் போயிற்று. போன பிறகும் மனிதர்கள் இருக்கிறோம், ஒரு பின்னறையில், புகையில். அதைச் சுகம் என்று உனக்கு நான் சொல்லமாட்டேன்.

நான் பிரேக்கைப் பற்றி உனக்கு எழுதிய கடிதத்தை உன்னிடம் வாங்கிக் காட்டச் சொல்லி எங்கள் சங்கத்து வக்கீல் கேட்டார். வேண்டாம் என்றேன். அதைக் காட்டினால், கோளாறு இவளுக்கு முன்பே தெரியும், எனவே செய்தவளும் இவள்தான் என்று திருப்புவார்கள். காகிதம் எனக்கு வேண்டாம். நீ வேண்டும்.

சூப்பர்வைசர் நேற்றுச் சாட்சி சொன்னார். அந்தத் தொழிற்சாலையில் ஆப்பு என்ற பொருளையே தான் கண்ணால் பார்த்ததில்லை என்றார். எப்போதும் இரண்டு கையால்தான் ஓட்டுவார்களாம். வாயாடி எழுந்து நின்று தன் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளை வெளியே போகச் சொன்னார்கள். எங்கள் செட்டர் கூண்டுக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறையில் அடித்திருக்கிறார்கள், இப்போது காது சரியாகக் கேட்பதில்லை என்கிறார்.

வியாழக்கிழமை உன் முறை. பெரிய பிரஸ்ஸைப் பற்றிக் கேட்பார்கள். நட்டை யாரும் தளர்த்தவில்லை என்று சொல். ஆறவிடக் கூடாது என்று உன்னிடம் சொன்னது யார் என்று சொல். இதெல்லாம் சொல்ல முடியாவிட்டால் ஒன்றே ஒன்று போதும், அது ஒல்லிக்காக, எனக்காக இல்லை. அவனை ஊருக்குக் கூட்டிப்போகும் முன் இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "எனக்குத் தெரியாதுக்கா, நான் பார்க்கலை" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் உன்னைக் காப்பாற்றுகிறானா, கம்பெனியையா, எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீயே வந்து, எல்லோர் முன்னாலும், உன் வாயால் சொல். ஒல்லியின் கை போன அன்று காலை பெரிய பிரஸ்ஸின் இடது பட்டனில் ஆப்பு அடித்த கை யாருடையது?